கேன்வாஸ் ஓவியத்தைப் பலகையில் ஒட்டுவது: முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மழை பிடித்ததும் சென்னையில் ஓவியம் வரைகிற யார் வீட்டுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். கோடையில் விறைப்பாக நின்ற கேன்வாஸ், சட்டத்தின் மூலைகளில் அலையலையாகத் தொய்ந்திருக்கும். தை பிறந்து காற்று உலர்ந்தால் மறுபடி கொஞ்சம் இறுகும். துணி ஈரத்துக்கு ஏற்ப அசைகிற அளவு வேறு, அதன்மேல் இருக்கும் வண்ணப்படலம் அசைகிற அளவு வேறு. இரண்டும் ஆண்டுக்கணக்கில் இப்படி இழுபட்டால் வண்ணம் வெடிக்கும். கெட்டியான பலகையில் ஒட்டிவிட்டால் இந்த அசைவு பெருமளவு அடங்கிவிடும். சுருட்டி வந்த ஓவியம், சட்டத்தில் இழுத்து அடிக்க ஓரம் விடாமல் வரைந்த ஓவியம், விரல் பட்டாலே குழிவிழும் மெல்லிய துணி ஆகியவற்றுக்கும் பலகைதான் நல்ல வழி.

துணியைப் பலகையில் ஒட்டுவது நமக்குப் புதிதல்ல. தஞ்சாவூர் ஓவியத்தைப் ‘பலகைப் படம்’ என்றே சொல்வார்கள். பலா மரப் பலகையில் துணியை ஒட்டி, அதன்மேல் சுண்ணப்பொடியும் பிசினும் கலந்த பூச்சைப் பூசி, வழவழப்பாகத் தேய்த்த பிறகுதான் கோடு போடவே தொடங்குவார்கள். அங்கே ஒட்டுவது முதல் வேலை. பசை ஈரம், துணிச் சுருக்கம், காற்றுக் குமிழ் எல்லாம் வரைவதற்கு முன்பே முடிந்துபோகும். நாம் செய்யப்போவது தலைகீழ்: வரைந்து முடித்த ஓவியத்தின் முதுகில் பசை தடவப்போகிறோம். கீழே சொல்லும் எச்சரிக்கைகள் அத்தனையும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருபவை.

ஒட்டுவதற்கு முன் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேன்வாஸைத் திருப்பிப் போட்டு நிதானமாகப் பாருங்கள். கையெழுத்து, தேதி, கடை முத்திரை, கண்காட்சிச் சீட்டு, தாத்தா பென்சிலில் எழுதிய ஒரு வரி என்று ஏதாவது இருக்கலாம். ஒட்டிய பிறகு அதை யாரும் பார்க்க முடியாது. பகல் வெளிச்சத்தில் முழுப் பின்பக்கத்தையும் படமெடுங்கள், எழுத்து இருக்கும் இடங்களைக் கிட்டத்தில் தனியாக எடுங்கள், அதை ஒரு தாளில் அப்படியே எழுதியும் வையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

அப்புறம் ஒரு கேள்வி. இந்த ஓவியத்தை நாளை யாராவது பலகையிலிருந்து பிரிக்க வேண்டி வருமா? உங்கள் சொந்த ஓவியம், பயிற்சி ஓவியம், கேன்வாஸில் அச்சடித்த படம் என்றால் தயங்க வேண்டாம். பரம்பரையாக வந்த எண்ணெய் ஓவியம், பெயர் பெற்ற ஓவியரின் படைப்பு, வண்ணம் செதில் செதிலாகத் தூக்கி நிற்கும் ஓவியம் என்றால் வீட்டில் ஒட்டவே கூடாது. அதற்கென்று படித்த பாதுகாப்பு வல்லுநர்கள் இருக்கிறார்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கான வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, லக்னோவில் பண்பாட்டுச் சொத்துகளைப் பாதுகாப்பதற்கான தேசிய ஆய்வகம் இருக்கிறது, பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் பல ஊர்களில் பாதுகாப்பு மையங்கள் நடத்துகிறது. முதலில் அங்கே கேளுங்கள்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. ஐரோப்பாவில் பழைய கேன்வாஸின் முதுகில் புதுத் துணியோ பலகையோ ஒட்டுவது நூற்றாண்டுகளாக வழக்கமான வேலையாக இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் உள்ள, டச்சு ஓவியர் ரெம்பிராண்ட்டின் ‘இராக்காவல்’ ஓவியத்துக்கே 1851-இல் மெழுகும் பிசினும் கலந்து பின்துணி ஒட்டினார்கள். மெழுகு துணிக்குள்ளும் வண்ணத்துக்குள்ளும் இறங்கிவிட்டால் முழுதாக வெளியே எடுக்க முடியாது. பல ஓவியங்கள் இதனால் கருத்துப்போயின. 1974-இல் இங்கிலாந்தின் கிரீனிச்சில் இதற்காகவே வல்லுநர்கள் கூடினார்கள். ஒட்டும் வேலையைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்து யோசிப்போம் என்ற குரல் அங்கே எழுந்தது. வல்லுநர்களே அப்படித் தயங்கிய வேலை இது.

ஒட்டாமலே பலகையின் பலனைப் பெறவும் வழி உண்டு. சட்டத்தில் அடித்த கேன்வாஸ் என்றால், சட்டத்தின் பின்பக்கம் மெல்லிய சன்போர்டை (நுரை பிளாஸ்டிக் அட்டை) திருகாணி போட்டு மூடிவிடுங்கள். ஈரக்காற்று நேரடியாகத் துணியைத் தொடாது, தூசி ஏறாது, பின்னாலிருந்து எதுவும் குத்தாது. இல்லையென்றால் சட்டத்தின்மேல் ஒரு பலகையைப் பொருத்தி, அதன்மேல் கேன்வாஸை இழுத்துப் பின்னால் ஸ்டேப்ளர் அடிக்கலாம். துணிக்கும் பலகைக்கும் நடுவே பசையே இல்லாததால் எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். எதைச் செய்வது என்று குழப்பமாக இருந்தால் இதையே செய்யுங்கள்.

சரி, ஒட்டுவது என்று முடிவாகிவிட்டது. இரண்டடிக்கு மூன்றடி அளவில், பருத்தி கேன்வாஸில், அக்ரிலிக்கில் வரைந்து, வண்ணம் அதிகம் புடைக்காத, சுருட்டி வந்த ஓவியம் ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

எந்தப் பலகை

மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை மலிவு, மேற்பரப்பு கண்ணாடி மாதிரி சமம். அதனால் எல்லோரும் முதலில் அதைத்தான் வாங்குவார்கள், நானும் வாங்கினேன். முன்பக்கம் மட்டும் பிரைமர் அடித்து, பின்பக்கத்தையும் ஓரங்களையும் அப்படியே விட்டு ஒட்டினேன். முதல் மழைக்காலத்திலேயே கீழ் ஓரம் பிஸ்கட் மாதிரி உப்பி, ஓவியத்தின் விளிம்பு மேலெழுந்துவிட்டது. இந்தப் பலகை ஒருமுறை ஊறினால் பழைய கனத்துக்குத் திரும்பாது. கடலோர ஊர்களில் எம்.டி.எஃப். வேண்டாம் என்பதே என் முடிவு.

இந்த அளவுக்கு நான் எடுப்பது 9 மி.மீ. கடல்தரப் பிளைவுட். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை பலகையிலேயே இருக்கும். சாதாரண கமர்ஷியல் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303. விலை வித்தியாசம் உண்டு, ஆனால் 710 தண்ணீரைத் தாங்கும் பிசினால் ஒட்டப்பட்டது. இரண்டுக்கு மூன்றடித் துண்டு ஏறக்குறைய மூன்றரை கிலோ இருக்கும், சுவர் ஆணி சுலபமாகத் தாங்கும். கடையில் பலகையைப் படுக்கவைத்துப் பார்க்காதீர்கள். ஓரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் துப்பாக்கி குறிபார்ப்பது போல் பாருங்கள், வளைவு உடனே தெரியும். வளைந்த பலகையை ஒட்டிய பிறகு நிமிர்த்த முடியாது.

மூன்றாவது, ஏ.சி.பி. ஷீட். கடை முகப்புகளில் ஒட்டுகிறார்களே, அதுதான்: இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக். ஈரம் அதை ஒன்றும் செய்யாது, கரையான் அரிக்காது, எடை குறைவு. நிலைத்தன்மையில் மரம் இதன் பக்கத்தில் வர முடியாது. ஆனால் இதில் ஈரப்பசை போட்டால் சிக்கல். காரணத்தைப் பசைப் பகுதியில் சொல்கிறேன்.

எந்தப் பசை

“ஃபெவிகால் போட்டால் போதாதா?” என்று கேட்காதவர் இல்லை. பிடிக்கும், நன்றாகவே பிடிக்கும். மரத்தோடு மரம் பிரியாமல் இருக்கச் செய்த பசை அது, அந்த வேலைக்கு அருமையானது. ஓவியத்துக்கு வேண்டியது மென்மையாக வளையக்கூடியதும், காலத்தில் மஞ்சளாகாததும், சூடு காட்டினால் இளகிக்கொடுப்பதுமான பசை. அக்ரிலிக் ஜெல் மீடியத்துக்கு இந்த மூன்று குணமும் உண்டு. ஓவியப்பொருள் கடைகளில் ‘சாஃப்ட் ஜெல்’ என்று கேளுங்கள். இந்த அளவுக்கு 200 மி.லி. கையில் இருக்கட்டும். செருப்புக்கும் ரெக்சினுக்கும் போடும் மஞ்சள் ரப்பர் பசை தொட்ட இடத்திலேயே கவ்விக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய விடாது. ஸ்ப்ரே பசை கோடைச் சூட்டில் பிடி விடும். எப்பாக்சி போட்டால் திரும்பிப்போக வழியே இல்லை. இந்த மூன்றையும் தொடாதீர்கள்.

இப்போது ஈரத்தின் கணக்கு. ஜெல் காய்வது என்றால் அதிலுள்ள தண்ணீர் எங்கேயாவது வெளியேற வேண்டும். மேலே அக்ரிலிக் வண்ணம் பிளாஸ்டிக் தோல் மாதிரி மூடியிருக்கிறது. கீழே அலுமினியம் இருந்தால் தண்ணீருக்குப் போக்கிடம் ஓரங்கள் மட்டும்தான். நடுப்பகுதி நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், துணி ஊறிச் சுருங்கும், பூஞ்சையும் வரலாம். அதனால் ஈரப்பசைக்கு, உறிஞ்சும் மேற்பரப்புள்ள மரப்பலகை. ஏ.சி.பி.க்கு, பசையை முதலிலேயே காயவிட்டுச் சூட்டில் ஒட்டும் முறை. இரண்டையும் மாற்றிப்போடாதீர்கள்.

பலகையைத் தயார் செய்தல்

ஓவியத்தை அளந்த பிறகுதான் பலகையை அறுக்க வேண்டும். கையால் வரைந்த ஓவியம் சரியான செவ்வகமாக இருப்பது அபூர்வம். நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டங்களையும் இஞ்ச் டேப்பால் அளங்கள். மூலைவிட்டங்களில் வித்தியாசம் தெரிந்தால், ஓவியம் எங்கே கோணல் என்று புரியும். எந்த ஓரத்தைத் தியாகம் செய்யலாம் என்று அப்போதே முடிவெடுக்கலாம். அறுப்பதைக் கடை மெஷினில் செய்துகொள்ளுங்கள், கைரம்பம் நேராக வராது.

வாங்கிய பலகையை ஓவியம் மாட்டப்போகும் அறையிலேயே ஒரு வாரம் நிறுத்திவையுங்கள். அந்த அறையின் ஈரத்துக்குப் பழகட்டும். பிறகு 120 உப்புத்தாள், அடுத்து 220 உப்புத்தாள். விளிம்புகளை மட்டும் கூர்மை போகும்படி லேசாக உருட்டிவிடுங்கள். கூர்விளிம்பின்மேல் மடிகிற இடத்தில்தான் வண்ணம் முதலில் வெடிக்கும்.

அடுத்தது சீல் செய்வது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் சீலரை முன், பின், நான்கு ஓரம் என்று ஆறு பக்கமும் இரண்டு முறை அடிக்க வேண்டும். மரத்திலிருந்து கசியும் பழுப்புச் சாறு மேலே ஏறாமல் இது தடுக்கும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அடிக்காத பக்கம் ஈரம் குடித்துப் பலகை கிண்ணம் மாதிரி வளையும். பிறகு ஒட்டும் பக்கம் கெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) இரண்டு பூச்சு. அதுதான் பசையின் தண்ணீரை உறிஞ்சப்போகும் மேற்பரப்பு. பின்பக்கமும் வெறுமனே விடாமல் இரண்டு பூச்சு அக்ரிலிக் வண்ணம் கொடுங்கள், இழுவை சமமாகும். மூன்று நாள் காயட்டும். மழைக்காலம் என்றால் ஐந்து நாள்.

ஓவியத்தைத் தயார் செய்தல்

சுருட்டி வைக்கும்போது வண்ணப்பக்கம் வெளியே இருப்பதுதான் சரி. உள்ளே இருந்தால் வண்ணம் நெருக்கப்பட்டு மடிப்பு விழும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிரூரில் இருப்பவர்கள், சுருளை வெயில் வந்த பிறகு பிரியுங்கள். அக்ரிலிக் குளிரில் விறைத்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பிரித்த ஓவியத்தை வண்ணப்பக்கம் கீழாக, சிலிகோன் பூசிய பேக்கிங் பேப்பரின்மேல் (கேக் சுடும்போது போடும் தாள், பொட்டலம் கட்டும் தாள் அல்ல) போட்டு, மேலே ஒரு பலகையை வைத்து இரண்டு நாள் விடுங்கள். செய்தித்தாளோ பிளாஸ்டிக் கவரோ வைக்காதீர்கள், நம் ஊர்ச் சூட்டில் அக்ரிலிக் அதோடு ஒட்டிக்கொள்ளும்.

பின்பக்கத்தை மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் பாவு திசையில் ஒருமுறை, ஊடு திசையில் ஒருமுறை துடையுங்கள். துருத்தும் நூல் முடிச்சுகளைச் சிறு கத்தரியால் வெட்டிவிடுங்கள். ஒரு மணல் துணுக்கு நடுவில் மாட்டினாலும் முன்பக்கம் பரு மாதிரி தெரியும், பக்கவாட்டு விளக்கு வெளிச்சத்தில் அது பெரிதாகவே தெரியும். இந்த வேலைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

கூடவே, அதே கேன்வாஸில் ஒரு துண்டு, அதே பலகையில் ஒரு துண்டு எடுத்து ஒட்டிப்பாருங்கள். இரண்டு நாள் கழித்து உரித்தால் துணி கிழிவதற்குள் பசை விடுகிறதா, எங்கே விடுகிறது என்று தெரியும். ஜெல் எவ்வளவு தடிமனாகப் போட வேண்டும் என்பதையும் இதில்தான் கை கற்றுக்கொள்ளும்.

ஒட்டும் நாள்

விடிகாலையில் தொடங்குங்கள், இன்னொருவர் உடன் இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஓடினால் ஜெல் நீங்கள் பரப்பி முடிப்பதற்குள் தோல் கட்டிவிடும், தூசியும் வந்து உட்காரும்.

முதலில் பசையில்லாமல் ஓவியத்தைப் பலகைமேல் வைத்து இடம் பாருங்கள். துணி நான்கு பக்கமும் குறைந்தது ஓர் அங்குலம் வெளியே நீண்டிருக்க வேண்டும். பின்னால் மடித்து அடிப்பதாக இருந்தால் இரண்டு அங்குலம். சரியான இடத்தில் பலகை ஓரத்திலும் துணி ஓரத்திலும் பென்சிலால் அடையாளம் போடுங்கள். இப்போது ஒரு பாதியின்மேல் பேக்கிங் பேப்பர் விரித்து இரண்டு புத்தகங்களை வைத்து நகராமல் பிடியுங்கள். மற்றப் பாதியை ஓர் அட்டைக் குழாயில் மெதுவாகச் சுருட்டி நடுவரை கொண்டுவாருங்கள். முழுத் துணியையும் தூக்கிப் பசைமேல் இறக்கினால் ஒருபோதும் நேராக விழாது. இப்படிப் பாதி பாதியாகச் செய்தால் கோணல் வராது.

திறந்த பாதியில் ஃபோம் ரோலரால் ஜெல்லை மெல்லியதாக, விட்டுப்போகாமல் பரப்புங்கள். தலையைச் சாய்த்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் காய்ந்த திட்டு மினுங்காமல் தனியே தெரியும். விரல் வைத்தால் ரேகை பதிய வேண்டும், ஆனால் வழியக் கூடாது. அதிகப் பசை என்றால் அதிகத் தண்ணீர், அவ்வளவுதான்.

இனி குழாயை உருட்டித் துணியை இறக்கிக்கொண்டே வாருங்கள். உடன் இருப்பவர் பின்னாலேயே பேக்கிங் பேப்பரின்மேல் ரப்பர் ரோலரை ஓட்டட்டும்: நடுவிலிருந்து ஓரத்துக்கு, எப்போதும் வெளிநோக்கி. காற்று வெளியேறும் வழி அது. ஓரத்தில் பிதுங்கும் ஜெல்லை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். பிறகு புத்தகங்களை எடுத்துவிட்டு மறுபாதியை அதேபோல் செய்யுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துக் குமிழ் பாருங்கள். முதல் கால் மணி நேரத்துக்குள் துணியை மெதுவாகத் தூக்கி மறுபடி உருட்ட முடியும். அதற்குப் பின் வேண்டாம்.

அடுத்து அழுத்தம். தரையில் மடித்த போர்வை, அதன்மேல் பேக்கிங் பேப்பர், அதன்மேல் ஓவியம் முகம் கீழாக. பலகையின் முதுகில் இன்னொரு தடித்த பிளைவுட், அதன்மேல் பாரம். தண்ணீர்க் கேன் இதற்கு ரொம்ப வசதி: 20 லிட்டர் கேன் ஒன்று 20 கிலோ. நான்கு கேன்களை நடுவிலும் சுற்றிலும் பரவலாக வையுங்கள். 24 மணி நேரம் கழித்து எடுத்து, பேப்பரை மாற்றி, இன்னொரு 24 மணி நேரம் வையுங்கள். வண்ணம் தடிமனாகப் புடைத்த ஓவியம் என்றால் இந்தப் பாரம் வேண்டாம், புடைப்புகள் நசுங்கிவிடும். மெல்லிய பருத்தித் துணியைப் பந்தாகச் சுருட்டி, கையாலேயே புடைப்புகளுக்கு இடையே அழுத்திக்கொண்டு வர வேண்டியதுதான்.

பாரம் எடுத்த பிறகு இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி நிறுத்தி ஒரு வாரம் விடுங்கள். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே இன்னும் ஈரம் இருக்கும். ஓரத்தை வெட்டுவதும் மடிப்பதும் அதன் பிறகுதான். வெட்டுவதானால் புது பிளேடு போட்ட கட்டர், ஓவியம் முகம் கீழாக, பலகை ஓரத்தையே மட்டமாக வைத்து ஒரே இழுப்பு. பழைய பிளேடு நூலை இழுத்துவிடும்.

ஏ.சி.பி. ஷீட்டில் சூட்டு முறை

தகட்டின் மேலிருக்கும் பாதுகாப்புப் படலத்தை உரித்து, 220 உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, ஸ்பிரிட்டால் துடையுங்கள். துணியை நான்கு ஓரமும் ஒரு பலகையில் ஊசி குத்தி விரித்து, அதன் பின்பக்கத்தில் ஜெல் ஒரு பூச்சு. தகட்டிலும் ஒரு பூச்சு. இரண்டும் வெண்மை முழுதாகப் போய்த் தெளியும்வரை காயட்டும், இரண்டு நாள் ஆகலாம். பிறகு பொருத்தி, பேக்கிங் பேப்பரின்மேல் இஸ்திரிப் பெட்டியால் நடுவிலிருந்து வெளிநோக்கி மெதுவாக நகருங்கள். சூடான இடத்தை உடனே கனமான, குளிர்ந்த தட்டையான பொருளால் அழுத்திவிடுங்கள், பிடிப்பது ஆறும்போதுதான்.

இங்கே கவனம் முழுக்கச் சூட்டில் இருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியில் மிகக் குறைந்த சூட்டைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளி அளவே 110 டிகிரி வரை போகும். அக்ரிலிக் வண்ணமும் ஜெல்லைப் போலவே சூட்டில் இளகும் பொருள். ஓவியத்தின் வெளியோர வண்ணத்தில் சோதிக்காமல் நடுவில் வைக்காதீர்கள். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் உதவும். ஆனால் நெற்றியில் காட்டும் காய்ச்சல் மானி உடல் சூட்டுக்கு மேல் காட்டாது, தொழிற்சாலை வகைதான் வேண்டும்.

எண்ணெய் ஓவியம் என்றால்

எண்ணெய் வண்ணம் தண்ணீர் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலை சில நாள்களில் வந்தாலும், உள்ளே இறுக மாதங்கள் ஆகும். ஆறு மாதமாவது ஆகாத எண்ணெய் ஓவியத்தின்மேல் பாரம் வைக்காதீர்கள். தடித்த வண்ணம் என்றால் ஓராண்டு. அடுத்து, பழைய முறையில் வஜ்ஜிரம் (விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசை) பூசித் தயாரித்த கேன்வாஸில் ஈரப்பசை பட்டால் துணி வெடுக்கென்று சுருங்கும், வண்ணம் உதிரும். அதனால்தான் வல்லுநர்கள் தண்ணீரே இல்லாத பசையைத் தேடினார்கள். 1970-இல் குஸ்தாவ் பெர்கர் உருவாக்கிய பேவா 371 அப்படி வந்ததுதான். ஏறக்குறைய 65 டிகிரியில் ஒட்டும், பிறகு சூட்டாலோ கரைப்பானாலோ பிரிக்கவும் முடியும். மெல்லிய ஏடாகவும் வருகிறது. நீங்களே வரைந்த, நன்றாக இறுகிய எண்ணெய் ஓவியத்துக்கு இதைப் பயன்படுத்தலாம். மற்றவற்றை மேலே சொன்னபடி வல்லுநரிடம் கொடுங்கள்.

குமிழும் விளிம்பும்

ஒரு வாரம் கழித்துக் குமிழ் தெரிந்தால் பதற வேண்டாம். விரல் நுனியால் தட்டிப் பாருங்கள், ஒட்டாத இடம் வெற்றொலி கொடுக்கும். ஜெல் சூட்டில் இளகும் என்பதால், பேக்கிங் பேப்பர்மேல் குறைந்த சூடு காட்டி உடனே பாரம் வைத்தால் பெரும்பாலும் அமர்ந்துவிடும். அங்கே பசையே விட்டுப்போயிருந்தால், இன்சுலின் ஊசியால் நெசவின் இடைவெளி வழியாக நீர்த்த ஜெல் ஒரு துளி விட்டு அழுத்துங்கள். விளிம்பு மேலெழுந்தால் மெல்லிய பிரஷ்ஷால் ஜெல் செலுத்தி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள்.

மாட்டுவதற்கு முன்

இரண்டடிக்கு மேல் நீளமுள்ள பலகைக்குப் பின்னால் ரீப்பர் கட்டைகளைச் சட்டம்போல் வைத்துத் திருகிவிடுங்கள். வளைவு வராது, சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்றும் போகும். மழைநீர் ஊறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். திருகாணியின் நீளம் பலகை, கட்டை இரண்டின் மொத்தக் கனத்தைவிட 3 மி.மீ.யாவது குறைவாக இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள், முனை ஓவியத்துக்குள் வந்துவிடக் கூடாது. டி-ரிங் கொக்கிகளைப் பலகையில் போடாமல் ரீப்பர் கட்டையிலேயே போடுங்கள்.

முதல் நாள் எழுதி வைத்த தாளை இப்போது எடுங்கள். ஓவியரின் பெயர், வரைந்த ஆண்டு, கேன்வாஸின் பின்பக்கம் என்ன எழுதியிருந்தது, ஒட்டிய தேதி, எந்தப் பலகை, எந்தப் பசை, ஈரமாக ஒட்டியதா சூட்டில் ஒட்டியதா என்பதையெல்லாம் அழியாத மையில் எழுதி, பின்பக்கப் படத்தின் அச்சையும் ஒரு கவரில் சேர்த்துப் பலகையின் முதுகில் ஒட்டுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து இதைப் பிரிக்க வருகிறவர் முதலில் தேடப்போவது இந்தத் தாளைத்தான்.